3 வெற்றி மட்டுமே பெற்ற பருவத்தை ‘மறுகட்டமைப்பு’ என்பது சாக்குப்போக்கு இல்லையா?

பல அணிகளில் அது சாக்குப்போக்குதான். 2021-இன் டெட்ராய்ட் லயன்ஸ், அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்-இல் ஆடும் அணி, அப்படியல்ல.

அந்த ஜனவரியில் பிராட் ஹோம்ஸ் பொது மேலாளராகவும் டான் கேம்ப்பெல் தலைமைப் பயிற்சியாளராகவும் வந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் அணியைச் சுமந்த குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை வழிநடத்தும் வீரர்) மேத்யூ ஸ்டாஃபோர்டை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்குக் கொடுத்தார்கள். பதிலுக்கு ராம்ஸின் குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃப், அணிகள் புதிய இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இரண்டு முதல் சுற்று வாய்ப்புகள், ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பு கிடைத்தன. இன்றைய வெற்றியை விற்று நாளைய இளைஞர்களை வாங்குவதுதான் இதன் கணக்கு. டிராஃப்டில் கடந்த பருவத்தில் பின்தங்கிய அணிகளே முதலில் தேர்வு செய்வதால், தோல்விக்கும் அங்கே ஒரு விலை உண்டு.

விளைவு 3 வெற்றி, 13 தோல்வி, 1 சமன். ஆனால் அந்தத் தோல்விகளைப் பாருங்கள். பால்டிமோரிடம் தோற்றது கடைசி நொடியில் ஜஸ்டின் டக்கர் அடித்த 66 கெஜ பீல்டு கோலால் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் பெறும் புள்ளிகள்). அப்போது அது லீக் சாதனை. டிசம்பர் 5 அன்று மினசோட்டாவை 29-27 என வென்றதோ ஆட்டத்தின் கடைசி வீச்சில். பந்தைப் பிடித்தவர் நான்காம் சுற்றில் எடுக்கப்பட்ட புதுமுகம் அமோன்-ரா செயின்ட் பிரவுன். வெற்றியே காணாமல் டிசம்பர் வரை வந்த அணி, கடைசி நொடிவரை உழைப்பதை விடவில்லை. என்னைப் பொறுத்தவரை, புதிய தலைமை வேரூன்றியதற்கு அதுவே சான்று.

அடுத்த ஆண்டு 9 வெற்றி. 2023-இல் 12 வெற்றியுடன், 1993-க்குப் பிறகு முதன்முறையாகப் பிரிவுப் பட்டம். பிளேஆஃபில் அவர்கள் 24-23 என வீழ்த்தியது ஸ்டாஃபோர்டின் ராம்ஸ் அணியைத்தான்.