ஒரே பெயர், இரண்டு மனிதர்: வம்சாவளி குறித்த வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் குடும்ப வரலாற்றைச் சில ஆண்டுகளாகத் தொகுத்து வருகிறேன். என் கொள்ளுத் தாத்தாவின் பெயர் மூன்று ஆவணங்களில் கிடைத்தது. 1887ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தில் நிலத்தை விற்றவராகவும், 1894ஆம் ஆண்டுத் திருமணப் பதிவில் மணமகனாகவும், 1921ஆம் ஆண்டு இறப்புப் பதிவில் 52 வயதில் காலமானவராகவும் அந்தப் பெயர் வருகிறது. மூன்றும் ஒருவரே என்று கொண்டு வம்சாவளிப் படத்தில் எழுதிவிட்டேன். ஆனால் பத்திரத்தில் எழுதத் தெரியாதவர் போடும் கீறலும், திருமணப் பதிவில் தெளிவான கையெழுத்தும் இருப்பது மனத்தை உறுத்துகிறது. “இந்தக் கிரயத்துக்கு என் மகனும் சம்மதித்துச் சாட்சி போட்டிருக்கிறான்” என்றும் பத்திரத்தில் ஒரு வரி உண்டு. இவர் ஒருவரா, இருவரா?

பதில்: இருவர் என்றே கொள்ள வேண்டும். அதற்குக் காரணம் உங்களை உறுத்திய கீறல் அன்று. கடைசியில் நீங்கள் குறிப்பிட்ட அந்தச் சாட்சி வரிதான். 1921இல் 52 வயதில் இறந்தவர் 1869ஐ ஒட்டிப் பிறந்திருக்க வேண்டும். அப்படியானால் 1887இல் அவருக்கு வயது 18. அந்த வயதுக்காரருக்குச் சம்மதம் தெரிவித்துச் சாட்சி போடக்கூடிய மகன் இருந்திருக்க முடியாது. இறப்புப் பதிவில் வயதைச் சொல்பவர் இறந்தவர் அல்லர், துயரத்தில் இருக்கும் உறவினரோ அண்டை வீட்டாரோதான் என்பதால் அந்த 52 பிசகியிருக்கலாம். பத்து ஆண்டு பிசகியதாகவே வைத்துக்கொண்டாலும் கணக்கு ஒத்துவரவில்லை. கீறலையும் கையெழுத்தையும் மட்டும் வைத்து நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்கமாட்டேன். எழுதத் தெரியாதவர் பின்னாளில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொள்வதும், நன்றாகக் கையெழுத்திட்டு வந்தவர் முதுமையில் கை நடுங்கிக் கீறல் போடுவதும் ஆவணங்களில் காணக்கூடியவையே.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது, அந்தச் சாட்சியின் பெயரையும் திருமணப் பதிவில் மணமகனுடைய தந்தையாகக் குறிக்கப்பட்டிருப்பவரின் பெயரையும் அருகருகே வைத்துப் பார்ப்பதாகும். இரண்டும் ஒன்றாக இருந்தால், நிலத்தை விற்றவர் தாத்தா, சாட்சி போட்டவர் அவர் மகன், மணமகன் அந்தச் சாட்சியின் மகன் என்று மூன்று தலைமுறை வரிசையாக நிற்க வாய்ப்பு மிகுதி. பேரன் என்ற சொல்லே, பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்ற பொருளில், பெயரன் என்பதிலிருந்து வந்ததாயிற்றே. அப்படியானால் உங்கள் படத்தில் நேர்ந்திருப்பது வெறும் பெயர்க் குழப்பம் அன்று. தாத்தாவும் பேரனும் ஒருவராகிவிட்டதால், இடையில் வாழ்ந்த ஒரு மனிதர், தம் பெயர் வேறாக இருந்த ஒரே காரணத்தால், குடும்ப வரலாற்றிலிருந்தே காணாமல் போயிருக்கிறார். வாய்மொழி நினைவிலும் இதே விபத்து நடக்கும். “எங்கள் பாட்டனார் நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார், மூன்று முறை மணம் செய்தார்” என்று பெரியவர்கள் சொல்லும்போது, ஒரே பெயருக்குள் இரண்டு வாழ்க்கைகள் ஒடுங்கியிருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது.

சாட்சியின் பெயர் பொருந்தினாலும் அத்துடன் நிறுத்திவிடாதீர்கள். அண்ணன் தம்பி இருவரும் தத்தம் மகனுக்குத் தங்கள் தந்தையின் பெயரையே சூட்டியிருந்தால், ஒரே காலத்தில் ஒரே பெயரில் பெரியப்பா மகனும் சித்தப்பா மகனுமாக இருவர் இருந்திருப்பார்கள். அவர்களுடைய தந்தையரின் பெயர்களும் ஒன்றையொன்று ஒத்திருந்தால் சிக்கல் இரட்டிக்கும். இந்த இடத்தில் பெயரை விட்டுவிட்டுப் பெயரைச் சுற்றியிருப்பவற்றைப் பாருங்கள்: மனைவியின் பெயர், தொழில், நிலத்தின் நான்கெல்லை, எல்லைக்கு அப்பால் நிலம் வைத்திருந்தவர்கள், பத்திரத்துக்குப் பத்திரம் திரும்ப வரும் சாட்சிகள். நண்பர், கூட்டாளி, அண்டை வீட்டார் என்ற இந்த வட்டத்தைத் தொடர்ந்து தேடும் முறையை அமெரிக்க வம்சாவளி ஆய்வாளர் எலிசபெத் ஷோன் மில்ஸ், ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து, ‘ஃபேன்’ என்ற பெயரால் பரவலாக்கினார். இரண்டு பேருக்கு ஒரே பெயர் இருப்பது எளிது. ஒரே மனைவி, ஒரே தொழில், ஒரே அண்டை வீட்டார், ஒரே சாட்சிகள் எல்லாம் ஒருசேர அமைவது அரிது. எல்லாவற்றிலும் சிறந்த சான்று பாகப்பிரிவினைப் பத்திரம் அல்லது உயில் என்பேன், ஏனெனில் அதில் வாரிசுகள் உறவுமுறையோடு வரிசையாக எழுதப்பட்டிருப்பார்கள்.

சரியான விடை கிடைக்கும்வரை, மூன்று ஆவணங்களையும் மூன்று தனி மனிதர்களாகத் தனித்தனித் தாளில் எழுதி, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து வையுங்கள். பிரித்து வைத்த இருவரைப் பின்னர் சேர்ப்பது எளிது. சேர்த்து எழுதிய ஒருவரைப் பிரிப்பதோ பெரும்பாடு, ஏனெனில் அதற்குள் அவருக்கு மனைவி, மக்கள், கதைகள் எல்லாம் ஒட்டிக்கொண்டுவிடும். எண் கொடுப்பது பழைய வழக்கந்தான். இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாஹ் 1735இல் தம் குடும்பத்து இசைக்கலைஞர்களின் வம்சாவளியைத் தொகுத்தபோது 53 பேரை எண்ணிட்டு எழுதினார். அதில் அவருடைய எண் 24. அவருடைய அண்ணன், அவர் தந்தையின் இரட்டைச் சகோதரர், தந்தையின் ஒன்றுவிட்ட சகோதரர் ஆகிய மூவருக்கும் யோஹான் கிறிஸ்டோஃப் என்றே பெயர் என்பதைப் பார்த்தால், எண்ணின் அருமை விளங்கும்.

கேள்வி: ஒரே பெற்றோருக்கு ஒன்றரை ஆண்டு இடைவெளியில் ஒரே பெயரில் இரண்டு குழந்தைகள் பதிவாகியுள்ளன. எழுத்தர் தவறுதலாக இருமுறை எழுதியிருப்பாரா?

பதில்: அப்படி முடிவு செய்வதற்கு முன், இரண்டு தேதிகளுக்கும் இடையில் உள்ள இறப்புப் பதிவுகளைத் தேடுங்கள். இறந்த குழந்தையின் பெயரையே அடுத்து வரும் குழந்தைக்குச் சூட்டுவது பல சமூகங்களில் இருந்த வழக்கம். பேத்தோவனின் குடும்பத்தில் இதுவே நடந்தது. லுட்விக் மரியா என்ற குழந்தை 1769 ஏப்ரலில் ஞானஸ்நானம் பெற்றுச் சில நாள்களிலேயே இறந்தது. 1770 டிசம்பர் 17இல் ஞானஸ்நானம் பெற்ற அடுத்த மகனுக்கும் லுட்விக் என்றே பெயரிட்டார்கள். அவர்களுடைய தாத்தாவுக்கும் அதே பெயர். வளர்ந்து புகழ்பெற்ற பேத்தோவன், தம் வயதை உள்ளதைவிடக் குறைவாக நம்பியிருந்ததால், 1770ஆம் ஆண்டுச் சான்றிதழ் இறந்த அண்ணனுடையது என்றே எண்ணினார். 1810இல் நண்பர் வேகெலருக்கு எழுதிய கடிதத்தில், தமக்கு முன் அதே பெயரில் ஓர் அண்ணன் பிறந்து இறந்ததைச் சுட்டிக்காட்டி, சரியான சான்றிதழைப் பெற்றுத் தருமாறு கேட்டுக்கொண்டார். தம்முடைய பதிவையே ஒருவர் அடையாளம் காணத் தவறியிருக்கும்போது, நூற்றாண்டுக்குப் பின் தேடுகிற நாம் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

கேள்வி: பழைய ஆங்கிலப் பதிவுகளில் பெயருக்குப் பின் சீனியர், ஜூனியர் என்று இருந்தால் தந்தை, மகன் என்று கொள்ளலாமா?

பதில்: கூடாது. 17, 18ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில் அவை ஓர் ஊரில் இருந்த மூத்தவரையும் இளையவரையும் வேறுபடுத்தும் அடைமொழிகள் மட்டுமே. சித்தப்பாவும் அண்ணன் மகனுமாக இருக்கலாம். உறவே இல்லாதவர்களாகவும் இருக்கலாம். மூத்தவர் இறந்ததும் ஜூனியராக இருந்தவரே சீனியர் ஆகிவிடுவார் என்பதால், அடைமொழியை எழுதும்போதெல்லாம் பதிவின் ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

கேள்வி: மரபணுச் சோதனை இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடாதா?

பதில்: ஓரளவுக்குத் தீர்க்கும். ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு ஏறத்தாழ மாறாமல் போவதால், ஒரே பெயர் கொண்ட இருவர் வெவ்வேறு தந்தைவழியினர் என்றால், அவர்களுடைய நேர் ஆண்வழி வாரிசுகள் இருவரின் சோதனை அந்த வேறுபாட்டைக் காட்டிவிடும். முதல் கேள்வியில் உள்ளதைப்போலத் தாத்தாவும் பேரனும் ஒரே பெயரில் இருந்தால், இருவருக்கும் அதே ஒய் குரோமோசோம்தான். அங்கே சோதனையால் பயனில்லை, சாட்சி வரிதான் துணை.