சீனாவில் வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்கள் யாரைத் தேடுகின்றன? – கேள்வி பதில்

ஹாங்காங்கில் இருந்தபடி பதினாறு ஆண்டுகளாகச் சட்ட நிறுவனங்களுக்கு ஆள் தேடித் தரும் வேலையைச் செய்து வருகிறேன். பெய்ஜிங், ஷாங்காய் அலுவலகங்களுக்கான ஆளெடுப்பு அதில் பெரும்பகுதி. கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். தற்குறிப்பைத் திருத்தித் தரும்படி கேட்டவர்களுக்கு இங்கே பதில் இல்லை.

சென்னை, சட்டக் கல்லூரி இறுதியாண்டு மாணவர்: அக்கா, ஷாங்காயில் ஏராளமான வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்கள் இருப்பதாகப் படித்தேன். பட்டம் முடித்த கையோடு நேரே விண்ணப்பித்தால் எடுப்பார்களா?

எடுக்க மாட்டார்கள். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கும் இதுவே விடை.

சீனாவில் வெளிநாட்டு நிறுவனம் நடத்துவது முழுமையான சட்ட அலுவலகம் அன்று. அது ஒரு பிரதிநிதி அலுவலகம். 1992இல் சோதனை முறையில் தொடங்கிய இந்த ஏற்பாடு, சீனா உலக வணிக அமைப்பில் சேர்ந்ததை ஒட்டி, 2002 ஜனவரி 1 முதல் தனி விதிமுறையின் கீழ் வந்தது. அந்த விதிமுறையின்படி இவ்வலுவலகம் சீனச் சட்டத்தைப் பற்றி முறையான கருத்துரை வழங்க முடியாது. 'சீனச் சட்டச் சூழலின் தாக்கம் குறித்த தகவல்' என்ற ஒரு நெகிழ்வான சொற்றொடருக்குள் நின்றுகொண்டுதான் பேச வேண்டும். சீன வழக்கறிஞர்களை வழக்கறிஞர்களாகவே வேலைக்கு வைக்கவும் முடியாது. வந்து சேரும் சீனர் தம் தொழில் சான்றிதழை நிறுத்தி வைத்துவிட்டு, 'சட்ட ஆலோசகர்' போன்ற ஏதோ ஒரு பதவிப் பெயரில் உட்கார வேண்டும். துணைப் பணியாளர் எவரும் கட்சிக்காரருக்குச் சட்ட சேவை வழங்கக் கூடாது என்றும் விதி சொல்கிறது.

வெளிநாட்டவருக்கும் கட்டு உண்டு. பிரதிநிதியாகப் பதிவு பெறச் சீனாவுக்கு வெளியே குறைந்தது 2 ஆண்டுகள் தொழில் செய்திருக்க வேண்டும். தலைமைப் பிரதிநிதிக்கு 3 ஆண்டுகளும் பங்குதாரர் நிலையும் வேண்டும். பதிவு பெற்றவர் ஆண்டுக்கு ஆறு மாதமாவது சீனாவில் தங்கியாக வேண்டும். ஆகவே பட்டம் முடித்த கையோடு ஒருவர் அங்கே போனால், காகிதத்தில் அவர் வழக்கறிஞரே அல்லர். தம்பி, எந்த நாட்டுப் பணிநியமனக் கடிதம் வந்தாலும், சம்பளத்தைப் பார்க்கும் முன் பதவிப் பெயரைப் பாருங்கள். எழுதியிருப்பது 'பிரதிநிதி'யா, 'ஆலோசகரா', 'உதவியாளரா' என்பதில்தான் உங்கள் அடுத்த ஐந்து ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன.

பினாங்கு, நான்கு ஆண்டுகளாக வழக்கறிஞர்: நான் சீனத் தொடக்கப் பள்ளியில் படித்தவள். மாண்டரின் சரளமாகப் பேசுவேன், படிப்பேன். தமிழ்ப் பெண் என்பதால் நேர்காணலில் முதல் பத்து நிமிடம் ஆச்சரியப்படுவதிலேயே போய்விடுகிறது. எனக்கு இங்கே இடம் உண்டா?

இன்று வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. உங்களைப் போன்றவர்கள் மலேசியாவில் கணிசமாக இருக்கிறார்கள், ஆனால் விண்ணப்பிப்பவர்கள் குறைவு.

பேச்சு மொழி வேறு, வேலை மொழி வேறு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஆள் அனுப்பும் அலுவலகம் ஒன்றில், சீன மொழியில் உள்ள ஓர் அரசு அறிவிப்பைக் கொடுத்து, அரை மணி நேரத்தில் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதச் சொல்வார்கள். அதில் 'யுவான்சே ஷாங்' என்ற சொல் எங்காவது வரும். அகராதியைப் பார்த்தால் 'கொள்கையளவில்' என்று இருக்கும். சீன அரசு ஆவணத்தில் அதன் பொருள், 'பொதுவாக இப்படித்தான், ஆனால் விலக்கு உண்டு' என்பது. ஒருமுறை நான் அனுப்பிய இருவரில் ஒருவர் அச்சொல்லை அகராதிப்படி மொழிபெயர்த்துவிட்டுக் கடந்து போனார். மற்றவர் ஓரத்தில் பென்சிலால் 'விலக்கு தருவது யார், மாகாண அலுவலகமா பெய்ஜிங்கா?' என்று எழுதியிருந்தார். இரண்டாமவரின் ஆங்கிலத்தில் பிழைகள் இருந்தன. ஆனாலும் வேலை அவருக்குத்தான் கிடைத்தது. இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும்: ஒப்பந்தத்தில் கையெழுத்து இருக்கிறது, நிறுவன முத்திரை இல்லை, என்ன செய்வீர்கள்? சீன வணிகத்தில் அந்தச் சிவப்பு முத்திரை யார் பெட்டியில் இருக்கிறதோ அவர் கையில்தான் நிறுவனமே இருக்கிறது என்பதை அறிந்தவர் பதில் சொல்லும் விதமே தனி.

அடுத்தது உரிமம். மலேசிய உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு பெருநிலச் சீனாவில் (ஹாங்காங், மக்காவ் நீங்கலான சீனா) நுழைவது கடினம். அங்கே விலைபோவது நியூயார்க், இங்கிலாந்து, ஹாங்காங் உரிமங்களே. ஏற்கெனவே தகுதி பெற்ற வழக்கறிஞர் என்பதால், 2021இல் தொடங்கிய எஸ்.க்யூ.இ. என்ற இங்கிலாந்து வழக்கறிஞர் தகுதித் தேர்வு வழியில் இரண்டாண்டுப் பணி அனுபவத்தை நீங்கள் தனியாகக் காட்ட வேண்டியதில்லை. ஹாங்காங்கும் ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபைப் பின்பற்றும் நாட்டு வழக்கறிஞர்களுக்குத் தனித் தேர்வு நடத்துகிறது. ஷாங்காய்க்கு முன் ஹாங்காங்கையும் சிங்கப்பூரையும் முயலுங்கள். பெருநிலத்துக் கட்சிக்காரரின் கோப்பு இன்று அதிகமாகத் திறக்கப்படுவது அந்த இரண்டு ஊர்களில்தான்.

திருச்சி: சீன மொழித் தேர்வான ஹெச்.எஸ்.கே.யில் நான்காம் நிலை முடித்திருக்கிறேன். போதுமா?

போதாது. மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

சிங்கப்பூர், பங்குச் சந்தை வெளியீட்டுப் பிரிவில் ஐந்து ஆண்டுகள்: வெளிநாட்டு நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சீன அலுவலகங்களை மூடுகின்றன. இத்துறையில் ஆளெடுப்பே முடிந்துவிட்டது என்று கொள்ளலாமா?

முடியவில்லை, இடம் மாறிவிட்டது. எப்படி மாறியது என்பதை வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

2020 வரை அமெரிக்க நிறுவனங்களின் பெய்ஜிங், ஹாங்காங் அலுவலகங்களுக்குச் சோறு போட்டது சீன நிறுவனங்களின் நியூயார்க் பங்கு வெளியீடு. 2021 ஜூன் 30இல் வாடகைக் கார் செயலி நடத்தும் தீதி நிறுவனம் நியூயார்க் சந்தையில் இறங்கியது; இரண்டே நாளில் சீன இணைய ஒழுங்குமுறை ஆணையம் விசாரணையை அறிவித்தது; மறு ஆண்டில் அந்நிறுவனம் அச்சந்தையைவிட்டே விலகியது. விசாரணை அறிவிப்பு வந்த வாரத்தில் எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் ஒன்றுகூட 'ஆள் வேண்டும்' என்பதாக இல்லை. அதன்பின் 2021 செப்டம்பரில் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நவம்பரில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், 2023 ஜூலையில் திருத்தப்பட்ட உளவு எதிர்ப்புச் சட்டம் என்று அடுத்தடுத்து வந்தன. ஷாங்காயில் ஒருவர் திறக்கும் கோப்பை நியூயார்க்கில் இருப்பவர் அதே கணினி அமைப்பில் பார்க்கலாமா என்ற கேள்வி, அதுவரை கணினிப் பிரிவின் தலைவலியாக இருந்தது, அப்போது முதல் பங்குதாரர் கூட்டத்தின் தலைவலியாயிற்று. 2015இல் இணைந்த பன்னாட்டுச் சட்ட நிறுவனம் டென்டன்ஸும் சீனாவின் தாச்செங்கும் 2023இல் பிரிந்ததற்குச் சொல்லப்பட்ட காரணம் இந்த விதிகள்தாம். 2024இல் அமெரிக்காவின் லேத்தம் அண்ட் வாட்கின்ஸ் தன் ஷாங்காய் அலுவலகத்தை மூட முடிவு செய்தது. ஹாங்காங்கில் இணைந்திருந்த மேயர் பிரவுனும் ஜான்சன் ஸ்டோக்ஸ் அண்ட் மாஸ்டரும் தனித்தனியே பிரிந்தன.

ஆனால் இதே காலத்தில் ஹாங்காங் சந்தை மீண்டும் எழுந்தது. மின்கலம் செய்யும் சி.ஏ.டி.எல். நிறுவனம் 2025 மே மாதத்தில் அங்கே திரட்டிய தொகை சுமார் 460 கோடி டாலர். 2023இல் ஹாங்காங்கில் வெளியீட்டுப் பிரிவு அசோசியேட்டுகளை (பங்குதாரர் அல்லாத வழக்கறிஞர்களை) வீட்டுக்கு அனுப்பிய நிறுவனங்கள், இரண்டே ஆண்டுகளில் அதே அனுபவமுள்ளவர்களைத் தேடி என்னிடம் வந்தன. உங்களுக்கு ஐந்தாண்டு அனுபவம் இருக்கிறது. சீன மொழியில் தகவல் அறிக்கை வரையத் தெரிந்தால் இது நல்ல நேரம். தெரியாது என்றால், பொருளாதாரத் தடைகள், ஏற்றுமதிக் கட்டுப்பாடு, நடுவர் தீர்ப்பு ஆகிய பிரிவுகளைப் பாருங்கள். 2022 அக்டோபரில் அமெரிக்கா சிப் ஏற்றுமதிக்கு விதித்த கட்டுப்பாடுகளுக்குப் பிறகு அங்கேயும் ஆள் தேவைப்படுகிறது. அழைப்பு வந்தால், முதலில் பதவிப் பெயரைப் பாருங்கள்.

கோயம்புத்தூர்: ஹெச்.எஸ்.கே. ஐந்தாம் நிலைக்குத் தயாராகிறேன். அது இருந்தால்...

இதுவும் அதே கேள்வி. மொழித் தேர்வுச் சான்றிதழைப் பார்த்து ஒரு சட்ட நிறுவனம் ஆள் எடுத்ததை நான் கண்டதில்லை.

சென்னை உயர் நீதிமன்ற வழக்கறிஞர்: அம்மையீர், நீங்கள் விவரிக்கும் ஏற்பாடு, கதவைத் திறந்துவிட்டு உள்ளே வந்தவரின் கையைக் கட்டுவதாக இருக்கிறது. இந்தியா நேர்மையாக நடந்துகொண்டது. 2012இல் ஏ.கே. பாலாஜி வழக்கில் எங்கள் நீதிமன்றம், வெளிநாட்டு வழக்கறிஞர் வந்து ஆலோசனை சொல்லிவிட்டுப் போகலாம், இங்கே தொழில் நடத்தக் கூடாது என்றது. 2018இல் உச்ச நீதிமன்றமும் சில திருத்தங்களுடன் அதையே ஏற்றது. எங்கள் இளைஞர் எவரும் வெளிநாட்டாரிடம் சான்றிதழை அடகு வைக்கவில்லை.

ஐயா, அடகு என்ற சொல் பொருத்தமாகவே இருக்கிறது, ஆனால் அந்த அடகை அவர்கள் மீட்டார்கள். அக்காலத்துச் சீனத் தற்குறிப்புகள் ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கும்: பெய்ஜிங்கில் பட்டம், அமெரிக்காவில் எல்.எல்.எம்., நியூயார்க் உரிமம், வெளிநாட்டு நிறுவனத்தில் ஐந்தாறு ஆண்டுகள் 'ஆலோசகர்', பிறகு சான்றிதழை மீட்டுக்கொண்டு சீன நிறுவனத்தில் பங்குதாரர். 'சிவப்பு வட்டம்' என்று அழைக்கப்படும் முன்னணிச் சீன நிறுவனங்களான ஜுன்ஹே, ஃபாங்டா, கிங் அண்ட் வுட் போன்றவற்றின் வளர்ச்சியில் இப்படித் திரும்பியவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பயிற்சிச் செலவு வெளிநாட்டாருடையது, பயன் உள்ளூராருடையது. உங்கள் மனுதாரரின் மனக்குறை அங்கேயும் இல்லாமலில்லை. 2006இல் ஷாங்காய் வழக்கறிஞர் சங்கம், வெளிநாட்டு அலுவலகங்கள் எல்லை மீறிச் சீனச் சட்டப் பணி செய்வதாகக் கடுமையான எச்சரிக்கையே வெளியிட்டது.

அதே வழக்கறிஞர்: அப்படி வந்தவர்களே இப்போது வெளியேறுகிறார்கள் என்றால், வாசலிலேயே நிறுத்தியதுதானே விவேகம்?

சிங்கப்பூர் (முன்பு கேட்டவர்): ஐயா சொல்வதில் ஒன்று விடுபடுகிறது. சிங்கப்பூர் 2008இல் ஆறு வெளிநாட்டு நிறுவனங்களுக்கு, உள்ளூர் வழக்கறிஞரை வைத்துச் சிங்கப்பூர்ச் சட்டத்தையும் குறிப்பிட்ட துறைகளில் கையாள உரிமம் தந்தது. உள்ளூர் வழக்கறிஞர் தம் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டே அங்கே வேலை செய்கிறார். கதவு, கயிறு இரண்டையும் தவிர மூன்றாவது வழியும் உண்டு.

அந்த மூன்றாவது வழியின் மெலிந்த வடிவம் சீனாவிலும் இருக்கிறது. ஷாங்காய்த் தடையற்ற வணிக மண்டலத்தில் 2014இல் 'கூட்டுச் செயல்பாடு' அனுமதிக்கப்பட்டது. வெளிநாட்டு நிறுவனமான பேக்கர் மெக்கென்ஸியும் சீன நிறுவனமான ஃபென்ஷுனும் 2015இல் முதலில் அதைச் செய்தன. பிறகு ஹோகன் லவல்ஸ், ஹெர்பர்ட் ஸ்மித் ஃப்ரீஹில்ஸ், லிங்க்லேட்டர்ஸ் ஆகியவையும் தத்தம் சீனத் துணையைத் தேடிக்கொண்டன. ஆளெடுப்பில் இதனால் வந்த மாற்றம் முக்கியமானது: சீன வழக்கறிஞர் சான்றிதழை விடாமல் சீன நிறுவனத்தின் பெயரில் சேருகிறார், பக்கத்து மேசையில் இருப்பவர் வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறார், வந்தவருக்கு நீட்டப்படும் அட்டையில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன. ஆனால் சட்டப்படி இரண்டும் தனித்தனி நிறுவனங்கள். கணக்கும் பொறுப்பும் வேறு வேறு.

வழக்கறிஞர் ஐயாவின் கேள்விக்கு என் கருத்து இது: முப்பது ஆண்டுகள் உள்ளே இருந்து, ஒரு தலைமுறையைப் பழக்கிவிட்டு வெளியேறுவதும், உள்ளேயே வராமல் இருப்பதும் ஒன்றல்ல. இந்திய வழக்கறிஞர் கழகமும் 2023இல் விதி வகுத்து, 2025இல் அதைத் திருத்தி, கதவைச் சற்று நீக்கியிருக்கிறது. எதிர்த்தரப்பின் வாதத்துக்கும் அங்கே இடம் கிடைத்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். இந்த வழக்கை இத்துடன் ஒத்திவைப்போம், ஏனெனில் வரிசையில் இன்னும் பலர் நிற்கிறார்கள்.

மதுரை: சம்பளம் எவ்வளவு கிடைக்கும்?

நியூயார்க் அளவுகோலைப் பின்பற்றும் அமெரிக்க நிறுவனத்தில் முதலாண்டு அசோசியேட்டுக்கு 2023 இறுதியிலிருந்து 2,25,000 டாலர். அதே அறையில் 'ஆலோசகர்' பதவியில் இருப்பவருக்கு இதில் எவ்வளவு என்பது பேசி முடிக்க வேண்டியது, பெரும்பாலும் வெகுவாகக் குறைவு. பதவிப் பெயரைப் பாருங்கள் என்று நான் மூன்றாம் முறையாகச் சொல்வது இதற்காகவே.

பெங்களூரு: இந்தியச் சட்டம் தெரிந்தவர்களுக்குச் சீனாவில் தேவை இருக்குமா?

ஒரு காலத்தில் ஓரளவு இருந்தது. அண்டை நாடுகளின் முதலீட்டுக்கு முன் அனுமதி கட்டாயம் என்று 2020 ஏப்ரலில் இந்திய அரசு அறிவித்த பிறகு, என்னிடம் அப்படிக் கேட்டு வருவோர் அருகிவிட்டார்கள். வெளிநாடு செல்லும் சீன நிறுவனங்களின் கவனம் இப்போது ஹங்கேரி, இந்தோனேசியா, மெக்சிகோ போன்ற நாடுகளின் பக்கம்.

ஈரோடு: ஹெச்.எஸ்.கே. ஆறாம் நிலை...

அடுத்த கேள்வி.

குவாங்சோ, துணி ஏற்றுமதி வணிகர்: பன்னிரண்டு ஆண்டுகளாக இங்கே இருக்கிறோம். மகள் சீனப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. தமிழைவிடச் சீனத்தில் நன்றாக எழுதுவாள். சட்டம் படித்துச் சீன வழக்கறிஞர் ஆக வேண்டும் என்கிறாள்.

ஐயா, மகள் இந்தியக் குடிமகள் என்றால் சீன நாட்டின் சட்டத் தொழில் தகுதித் தேர்வை எழுத முடியாது; குடிமக்களுக்கும், ஹாங்காங், மக்காவ், தைவான்காரர்களுக்கும் மட்டுமே அது திறந்திருக்கிறது. இதைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு தெரிந்துகொண்ட பிள்ளைகள் என்னிடம் வந்திருக்கிறார்கள், அதனால் இப்போதே கேட்டது நல்லது. சீனத்தை எழுதவே பழகிய பிள்ளைக்கு ஹாங்காங்தான் சரியான ஊர். அங்கே எல்.எல்.பி., பிறகு பி.சி.எல்.எல். என்ற ஓராண்டுத் தொழில்முறைச் சட்டப் படிப்பு, அதன்பின் ஒரு சட்ட நிறுவனத்தில் இரண்டாண்டுப் பயிற்சி. பி.சி.எல்.எல். இடத்துக்குப் போட்டி கடுமை என்பதால் முதல் ஆண்டிலிருந்தே மதிப்பெண்ணைக் கவனிக்க வேண்டும்; நிறுவனங்கள் பயிற்சிக்கான ஆட்களைப் பெரும்பாலும் விடுமுறைப் பயிற்சியில் பார்த்தே பொறுக்கிவிடுகின்றன என்பதால், அதற்கான விண்ணப்பத்தை இரண்டாம் ஆண்டிலேயே அனுப்பச் சொல்லுங்கள். பள்ளியில் அவள் எழுதிய சீனக் கட்டுரைகளையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். நேர்காணலில் எழுத்து மாதிரி கேட்பவர்கள் உண்டு.