புரையோடு அழுத்தத்திற்கும் ஒரு சிறு குழாய்

கேள்வி: சுங்கை சிப்புட் அருகே தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற எனக்கு வயது 64. இரு கண்களிலும் அழுத்த நோய்க்காக (கிளௌகோமா) இரண்டு வகைச் சொட்டு மருந்து விடுகிறேன். வலக்கண்ணில் புரை அகற்றும்போதே அழுத்தத்தைக் குறைக்கும் சிறு குழாய் ஒன்றையும் பொருத்தலாம் என்கிறார் ஈப்போ மருத்துவர். அதன்பின் மருந்தே வேண்டாம், போன பார்வையும் திரும்பும் என்று பக்கத்து வீட்டார் சொல்வது உண்மையா, டாக்டர்?

பதில்: ஐயா, பார்வை திரும்பும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். இந்நோயில் அழிவது பார்வை நரம்பு. அதை எந்த அறுவையும் மீட்டுத் தராது. புரை நீங்கியதால் வரும் தெளிவைக் குழாயின் கணக்கில் எழுதுபவர்கள் பலர்.

கண்ணுக்குள் ஓயாமல் ஊறும் நீர், கருவிழியின் ஓரத்தில் சல்லடைபோல் அமைந்த திசுவின் வழியே ஷ்லெம் கால்வாயில் வடிந்து இரத்தத்தில் கலக்கிறது. தோட்டத்து வடிகாலில் சருகு அடைத்தாற்போல் அந்தச் சல்லடை தடைபட்டால் அழுத்தம் ஏறும். இவ்வகைக் குழாய்களுள் ஒன்றான ஐஸ்டென்ட், சுமார் 1 மில்லிமீட்டர் நீளமுள்ள டைட்டானியத் துண்டு. சல்லடையைக் கடந்து கால்வாய்க்கு நேர்வழி திறக்கும் இதனைப் புரை அறுவையோடு சேர்த்துப் பொருத்த அமெரிக்கா 2012இல் அனுமதித்தது. புரைக்காக இட்ட கீறலிலேயே இதையும் நுழைத்துவிடலாம் என்பதால் கண்ணுக்குக் கூடுதல் காயம் மிகக் குறைவு.

1968 முதல் பரவலாகச் செய்யப்படும் ட்ராபெக்குலெக்டமி என்ற பழைய அழுத்த அறுவையில் வெண்விழியில் தனி வழி வெட்டுவார்கள்; அது அழுத்தத்தை வெகுவாகக் குறைக்கும், ஆயினும் அளவுக்கு மீறிக் குறைவதும், ஆண்டுகள் கழித்துக்கூடக் கிருமி தொற்றுவதும் உண்டு. சிறு குழாயில் அந்த ஆபத்துகள் குறைவு, பலனும் மிதமானதே. ஆகவே தொடக்க நிலை, நடுத்தர நிலை நோய்க்கே அது ஏற்றது. உங்கள் கண்ணின் கோணம், அதாவது அந்தச் சல்லடை இருக்கும் ஓரப் பகுதி, திறந்திருக்கிறதா, நரம்பு எவ்வளவு பழுதாகியிருக்கிறது என்ற இரண்டையும் மருத்துவரிடம் கேட்டபின் சம்மதியுங்கள்.

மருந்து சிலருக்கு முற்றாக நிற்கும், சிலருக்கு ஒன்று குறையும், சிலருக்கு அப்படியே தொடரும். எப்படியாயினும் பரிசோதனைக்குப் போவதை நிறுத்தக்கூடாது. சில கெடுதல்கள் ஆண்டுகள் கழித்தே தெரியவரும்: 2016இல் அனுமதி பெற்ற சைபாஸ் என்ற வேறுவகைக் குழாய், பொருத்தியவர்களின் கருவிழியின் உட்புறச் செல்கள் அதிகமாகக் குறைந்தது ஐந்தாண்டுக் கண்காணிப்பில் தெரியவந்ததால் 2018இல் திரும்பப் பெறப்பட்டது.

அறுவைக்குப் பின் தரப்படும் ஸ்டீராய்டு சொட்டு சிலருக்கு அழுத்தத்தை ஏற்றிவிடும் என்பதால், சொன்ன நாளுக்கு மேல் அதை விடாதீர்கள். இடக்கண்ணுக்கான மருந்தோ வழக்கம்போலத் தொடரட்டும்; அந்தக் கண்ணில் யாரும் குழாய் வைக்கவில்லை.