கறிவேப்பிலைச் செடியில் பிறந்த இரு வேறு அழகிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாடித் தொட்டியிலுள்ள கறிவேப்பிலைச் செடியில் ஒரே மாதிரியான இரண்டு பச்சைப் புழுக்களைக் கண்டு, அவை கூட்டுப்புழுவாகி வெளிவரும்வரை காத்திருந்தேன். ஒன்று, வெள்ளைப் புள்ளி வரிசை கொண்ட கறுப்பு வண்ணத்துப்பூச்சி. மற்றதற்கோ பின்னிறகின் நடுவே வெள்ளைத் திட்டும் ஓரத்தில் சிவப்புப் பிறைகளும் இருந்தன. அது ரோஜா அழகி என்கிறார் நண்பர். வேறு இனத்தின் புழு எங்கள் செடிக்கு எப்படி வந்தது?

ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள வாசகிக்கு,

வேறு இனம் எதுவும் வரவில்லை. இரண்டும் கறிவேப்பிலை அழகியே. ரோஜா அழகி ஆடுதின்னாப்பாளையிலும் அதன் உறவுக் கொடிகளிலும்தான் முட்டையிடும். அக்கொடிகளின் நஞ்சு புழுவின் உடலில் சேர்ந்து, இறகு முளைத்த பின்னும் தங்கிவிடுவதால், ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை அந்தச் சிவப்பையும் வெள்ளையையும் கண்டாலே ஒதுங்கிக்கொள்ளும். நஞ்சில்லாத கறிவேப்பிலை அழகியின் பெண், அதே கோலத்தைப் பூண்டு உயிர் தப்புகிறது. சிவப்புடல் அழகி என்னும் இன்னொரு நச்சு வண்ணத்துப்பூச்சியைப் போன்ற பெண்களும், எந்த வேடமுமின்றி ஆணைப் போலவே இருக்கும் பெண்களும் இதே இனத்தில் உண்டு. ஆணுக்கு வேடமே இல்லை. ஆகவே உங்கள் முதல் பூச்சி ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம், இரண்டாவது பெண்ணேதான்.

இந்த மூவகைப் பெண்களைப் பற்றி ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்னும் ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் 1865இலேயே எழுதியிருக்கிறார். வேடத்தைத் தீர்மானிப்பது 'டபுள்செக்ஸ்' என்னும் ஒற்றை மரபணு என்பதை, கிருஷ்ணமேக் குண்டே உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2014இல் காட்டினார்கள். ஒரே தாயின் முட்டைகளிலிருந்து இரு கோலங்களும் பிறக்கக்கூடும் என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

பச்சைப் பருவத்தில்தான் நீங்கள் புழுக்களைக் கவனித்திருக்கிறீர்கள். அதற்கு முந்தைய நான்கு பருவங்களிலும் அவை, ஈரம் காயாத பறவை எச்சம்போலப் பளபளத்துக்கொண்டு இலையின் மேலேயே கிடக்கும். நான்காம் முறை தோலுரித்த பிறகே பச்சை நிறமும், பக்கவாட்டில் சாய்ந்த பழுப்புப் பட்டைகளும், தலைக்குப் பின்னால் கண்போன்ற புள்ளிகளும் தோன்றும். அப்போது மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு சிவந்த கொம்புகள் நீண்டு கடும் நெடி வீசும். சற்று நேரத்தில் அவை உள்ளே சுருங்கிவிடும்.

அடுத்த பூச்சி கூட்டைவிட்டு வந்து, இறகுலரத் தொங்கும்போது, நண்பரையும் அழைத்து அதன் உடலைப் பார்க்கச் சொல்லுங்கள். ரோஜா அழகிக்கு உடலிலும் சிவப்பு இருக்கும். உங்கள் செடியில் வளர்ந்ததற்கு உடல் கறுப்பாகவே இருக்கும்.