ஈவில் விடுபடும் பூச்சியம்

கேள்வி: நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு வாய்ப்பாடு தலைகீழாகத் தெரியும். ஆனாலும் 618-ஐ 6-ஆல் வகுக்கச் சொன்னால் ஈவு 13 என்று எழுதுகிறாள். எத்தனை முறை திருத்தினாலும் அடுத்த கணக்கில் அதே பிழை வருகிறது. வாய்ப்பாட்டை மறுபடியும் மனப்பாடம் செய்யச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம், வாய்ப்பாட்டில் அவளுக்குக் குறையே இல்லை. ஆறில் ஆறு ஒரு முறை, பதினெட்டில் ஆறு மூன்று முறை என்று சரியாகவே கண்டிருக்கிறாள். அந்த ஒன்று எந்த இடத்துக்கு உரியது என்பதில்தான் தவறியிருக்கிறாள். இதில் நம் பங்கும் உண்டு. "ஒன்றில் ஆறு போகாது, எட்டை இறக்கு" என்று ஒவ்வோர் இலக்கத்தையும் தனி எண்ணைப் போலவே சொல்லிக் கொடுக்கிறோம். முதலில் நிற்பது வெறும் ஆறு அல்ல, ஆறு நூறுகள் என்பது அந்த வேகத்தில் மறைந்துபோகிறது.

நோட்டுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, சிறு தாள் துண்டுகளில் "நூறு" என்று ஆறும், "பத்து" என்று ஒன்றும், "ஒன்று" என்று எட்டும் எழுதி அவள் கையில் கொடுத்து, ஆறு பேருக்குச் சமமாகப் பங்கிடச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு நூறு போய்விடும். ஒரே ஒரு பத்தை ஆறு பேருக்கு எப்படிக் கொடுப்பது என்று அவள் தயங்குவாள். அந்தத் தயக்கத்தில் குறுக்கிடாமல் காத்திருங்கள், ஏனெனில் கணக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. யாருக்கும் முழுப் பத்து கிடைக்கவில்லை. ஆகவே ஈவில் பத்தின் இடத்தில் பூச்சியம். அந்தப் பத்தைப் பத்து ஒன்றுகளாக மாற்றி, இருக்கும் எட்டோடு சேர்த்தால் பதினெட்டு, ஆளுக்கு மூன்று. ஒவ்வொருவர் முன்னும் ஒரு நூறும் மூன்று ஒன்றுகளும் இருப்பதைப் பார்த்த குழந்தைக்கு 103 என்று எழுதுவதில் ஐயம் வராது.

வகுக்கத் தொடங்கும் முன்பே விடையைத் தோராயமாகச் சொல்லிப் பார்க்கவும் பழக்குங்கள். 600-ஐ 6-ஆல் வகுத்தாலே 100 வருகிறது. அதைவிடப் பெரிய 618-க்கு 13 எப்படி ஈவாகும் என்று அவளே கேட்டுக்கொள்வாள். 13-ஐ 6-ஆல் பெருக்கிப் பார்த்தால் 78தான் வருகிறது.

கேள்வி: 23-ஐ 4-ஆல் வகுத்து, ஈவு 4, மீதி 7 என்று என் மாணவன் எழுதினான். பெருக்கிக் கூட்டினால் 23 வருகிறதே என்கிறான். என்ன சொல்வது?

பதில்: அவன் சரிபார்த்த முறை சரியானது, அதை முதலில் பாராட்டுங்கள். ஆனால் மீதியான ஏழிலிருந்து இன்னொரு நான்கை எடுக்க முடியும் என்பதால் வகுத்தல் இன்னும் முடியவில்லை. மீதி, வகுக்கும் எண்ணைவிடச் சிறியதாகும்வரை தொடர வேண்டும். ஈவு 5, மீதி 3. அந்த மூன்றை என்ன செய்வது என்பதைக் கணக்கின் சூழல் சொல்லும்: பெட்டிக்கு 4 பென்சில் வீதம் 23 பென்சில்களை அடுக்கினால் நிறைந்த பெட்டிகள் 5, பெஞ்சுக்கு 4 பேர் வீதம் 23 பேர் உட்கார வேண்டுமானால் பெஞ்சுகள் 6.

கேள்வி: 6-ஐப் பூச்சியத்தால் வகுத்தால் விடை பூச்சியம்தானே?

பதில்: இல்லை. ஈவை வகுக்கும் எண்ணால் பெருக்கினால் 6 திரும்பி வர வேண்டும். பூச்சியத்தை எந்த எண்ணால் பெருக்கினாலும் பூச்சியமே வருவதால், அதற்கு விடையே கிடையாது. பூச்சியத்தை 6-ஆல் வகுத்தால்தான் விடை பூச்சியம்.