திருவாதிரை மங்குகிறதா?

கேள்வி: ஓரியன் விண்மீன் கூட்டத்துச் சிவப்பு நட்சத்திரம் போன வருஷத்தைவிட மங்கலாகத் தெரிகிறது. என் கண்ணில்தான் கோளாறா?
- வாசகர், குளச்சல்

பதில்: இருக்காது. நீங்கள் சொல்லும் நட்சத்திரம் திருவாதிரை. அதன் ஒளி சுமார் 400 நாள் சுற்றில் கூடிக் குறையும். 2020 பிப்ரவரியில் வெகுவாக மங்கியதற்கு அதுவே உமிழ்ந்த தூசி முக்கியக் காரணம்.

குமரிக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை: பிப்ரவரி தொடக்கத்தில் இரவு 9.30 மணியளவில் அது கிட்டத்தட்ட நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடம் செல்போனைத் தொடாமல் இருந்துவிட்டு, ரோகிணி நட்சத்திரத்தோடு ஒப்பிடுங்கள். அதுவும் செந்நிறம்தான், அதே ஓரியன் கூட்டத்து நீலவெள்ளை நட்சத்திரமான ரைகல் ஒப்பீட்டுக்கு ஆகாது. ஒரேயடியாக உற்றுப் பார்த்தால் சிவப்பு நட்சத்திரம் பிரகாசம் கூடுவதுபோல் ஏமாற்றும்; மாறி மாறி ஓரிரு நொடி போதும். அடிவானத்தருகே பார்க்கவே வேண்டாம், கடல்மேல் நிற்கும் ஈரக்காற்று ஒளியைத் தின்றுவிடும்.