டேங்க் நிறைய பெட்ரோல், முள் மட்டும் பாதிக்குக் கீழே

பழைய வண்டிப் பக்கம்: கேள்வி – பதில்

கேள்வி: அண்ணா, அப்பா காலத்து மகிந்திரா சிஜே3பி ஜீப் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒரு காலத்தில் தேயிலை மூட்டை ஏற்றிய வண்டி. இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிறேன். டேங்குக்குள் பெட்ரோல் அளவைப் பார்த்து மீட்டருக்குச் சொல்லும் டேங்க் யூனிட் துருப்பிடித்து உதிர்ந்துபோனதால் கோயம்புத்தூரில் புதிது வாங்கி மாட்டினேன். “எல்லா வண்டிக்கும் சேரும்” என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார். ஆனால் டேங்கை முழுக்க நிரப்பினாலும் முள் பாதியைத் தாண்டவில்லை. ஊட்டிக்கு இரண்டு தடவை போய் வந்தால் காலியில் படுத்துவிடுகிறது. குச்சி விட்டுப் பார்த்தால் உள்ளே பாதிக்கு மேல் பெட்ரோல் இருக்கிறது. புது யூனிட்டை மாட்டும் முன் மல்டிமீட்டரில் பார்த்தேன்: மிதவை கீழே இருக்கும்போது 240 ஓம், மேலே 33 ஓம். மீட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். அப்பா தினமும் பார்த்த மீட்டர், மனசு வரவில்லை. இதில் கெட்டது எது?
— பெயர் வேண்டாம் என்றவர், கோத்தகிரி

பதில்: இரண்டுமே கெடவில்லை தம்பி. மாட்டும் முன்னால் அளந்து பார்த்தாயே, அதற்கே உனக்கு ஒரு டீ வாங்கித் தரலாம். குன்னூரில் என் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எல்லாவற்றையும் மாட்டி முடித்த பிறகுதான் வருவார்கள்.

டேங்க் யூனிட் என்பது மிதவையோடு ஏறி இறங்கும் ஒரு ரெசிஸ்டன்ஸ், அவ்வளவுதான். எத்தனை ஓமுக்கு முள் எங்கே நிற்க வேண்டும் என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டது. அமெரிக்க ஜிஎம் வண்டிகளில் காலிக்கு 0, ஃபுல்லுக்கு 90. ஜெர்மன் விடிஓ கம்பெனி மீட்டர்களில் காலிக்கு 10, ஃபுல்லுக்கு 180. பழைய ஃபோர்டில் தலைகீழ்: காலிக்கு 73, ஃபுல்லுக்கு 10. நீ வாங்கியது 240க்கு 33. ‘யுனிவர்சல்’ என்று கடைகளில் தொங்குவது பெரும்பாலும் இதுதான். முதல் இரண்டும் ஏறு ரகம், பெட்ரோல் கூடினால் ஓம் கூடும். மற்ற இரண்டும் இறங்கு ரகம்.

நீ சொல்வதை வைத்துப் பார்த்தால் உன் மீட்டர் 73க்கு 10 கணக்கில் ஓடுகிற மாதிரி தெரிகிறது. ஃபுல் டேங்கில் யூனிட் 33 ஓம் காட்டுகிறது. மீட்டருக்கு அது ஃபுல்லே இல்லை. கொஞ்சம் பெட்ரோல் குறைந்து 73 ஓமைத் தொட்டதும் காலி என்று படுத்துவிடுகிறது. அப்போது டேங்கில் பாதிக்கு மேல் இருக்கும். உன் குச்சியும் அதையேதான் சொல்கிறது.

ஆனாலும் என் பேச்சை அப்படியே நம்பாதே. அந்த மீட்டர் எத்தனை கை மாறியதோ, அளந்து பார். டேங்கைத் திறக்காமல், டேஷ்போர்டுக்குப் பின்னால் மீட்டரிலிருந்து டேங்குக்குப் போகும் ஒயரைக் கழற்று. இக்னிஷனைப் போடு. முள் காலிக்குப் போனால் இறங்கு ரகம், ஃபுல்லைத் தாண்டி ஓடினால் ஏறு ரகம். அப்புறம் ஒயரைக் கழற்றிய அந்த டெர்மினலுக்கும் எர்த்துக்கும் (வண்டியின் இரும்பு உடம்புக்கும்) நடுவே தெரிந்த ரெசிஸ்டன்ஸ்களை ஒவ்வொன்றாக வைத்து, முள் எங்கே நிற்கிறது என்று எழுதிக்கொள். ரேடியோ வால்யூம் கண்ட்ரோலை வைத்து முயற்சி செய்யாதே, கருகிவிடும். ஒயர் சுற்றிய ஐந்து வாட் ரெசிஸ்டர்கள் பத்து வாங்கினால் போதும். முள் சட்டென்று தாவினால் காயில் மீட்டர். சோம்பேறி மாதிரி மெதுவாக ஊர்ந்தால் உள்ளே சூடாகி வளையும் பட்டை இருக்கிறது. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு நிமிஷமாவது பொறு.

இந்தத் திசை விஷயத்தில் நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வண்டிக்கு 240க்கு 33 மீட்டர், கையில் இருந்ததோ 10க்கு 180 யூனிட். மாட்டினேன். டேங்கில் பாதி பெட்ரோல், முள்ளும் கச்சிதமாகப் பாதியில் நின்றது. ஆகா என்று அனுப்பிவிட்டேன். அந்த இரண்டு கணக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரே இடத்தில் சந்திக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. பெட்ரோல் குறையக் குறைய முள் ஏறியிருக்கிறது. மசினகுடியிலிருந்து திரும்பும்போது கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் எங்கோ ஒன்றில் வண்டி நின்றுவிட்டது. நான் கேனோடு போய்ச் சேர்ந்தபோது முள் ஃபுல்லில் இருந்தது. வண்டிக்காரர் என்னைத் திட்டவில்லை, மீட்டரைக் காட்டி ஒரு பார்வை பார்த்தார். பாதி டேங்கில் சோதித்துவிட்டு யாருக்கும் சாவி கொடுக்காதே.

சரி, உன் ஜீப்புக்கு வருவோம். அளவு 73க்கு 10 என்று வந்தால், அதே கணக்கில் உள்ள யூனிட்டைத் தேடி வாங்குவதுதான் நேர் வழி. கிடைக்கும் வரை ஒரு ஒட்டு வேலை செய்யலாம். மீட்டரின் டேங்க் டெர்மினலுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 ஓம், ஐந்து வாட் ரெசிஸ்டர் ஒன்றை இணையாகப் போடு. காலியில் 240 என்பது 71 ஆகிவிடும். மீட்டர் சரியாகக் காலி காட்டும். ஆனால் ஃபுல்லில் 33 என்பது 25தான் ஆகும், 10க்கு வராது. ஃபுல் டேங்கிலும் முள் கொஞ்சம் கீழேதான் நிற்கும், பாதியும் குறைவாகவே காட்டும். இரண்டு கணக்கிலும் மேலுக்கும் கீழுக்கும் ஏறக்குறைய ஏழு மடங்கு வித்தியாசம். இணையாகப் போடும் ரெசிஸ்டர் அதைச் சுருக்கிவிடும். இரண்டு முனையும் சரியாக வேண்டுமென்றால் நடுவில் ஒரு சின்ன எலக்ட்ரானிக் பெட்டி வைக்க வேண்டும். அப்பாவின் ஜீப்பில் எனக்கு அது பிடிக்கவில்லை. என்னைக் கேட்டால், காலி சரியாகக் காட்டினால் போதும். ஃபுல்லை பங்க்காரரே சொல்வார்.

இதற்கெல்லாம் முன்னால் எர்த்தைப் பார். டேங்க் உன் சீட்டுக்கு அடியில் பெயிண்ட்டும் துருவுமாக உட்கார்ந்திருக்கும். யூனிட்டின் தலைக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டும். பத்து ஓம் காட்டினால் மேலே போட்ட கணக்கு முழுக்க வீண். ஒரு ஸ்க்ரூவிலிருந்து சேஸிஸுக்குத் தனி ஒயர் இழுத்துவிடு. யூனிட்டைக் கழற்றுவதாக இருந்தால் முதலில் பேட்டரியைக் கழற்று. மிதவைக் கம்பி அடியில் தட்டாமல், மேலே இடிக்காமல் வளைத்திருக்கிறாயா என்றும் பார்.

கடைசியாக, வறண்ட டேங்கில் ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் முள் நிற்கும் இடத்தை ஓர் அட்டையில் வரைந்து டேஷ்போர்டில் ஒட்டு. வண்டி சமதரையில் நிற்க வேண்டும். கோத்தகிரியில் சமதரைக்கு எங்கே போவது என்கிறாயா? மைதானத்துக்குப் போ, காலையில் கிரிக்கெட் பையன்கள் வருவதற்குள்.

கேள்வி: என் ஹெரால்டு காரில் பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தே மேலே ஏறி நிற்கின்றன. டேங்க் யூனிட்டை மாற்றிவிடலாமா?
— ஊட்டி வாசகர்

பதில்: ஐயா, வேண்டாம். இரண்டு முள்ளும் ஒன்றாக ஏறினால் டேங்க்கின் மேல் பழி போடக் கூடாது. அந்தக் கால ஸ்மித்ஸ் வகை மீட்டர்களுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு ஸ்டெபிலைசர் இருக்கும். 12 வோல்ட்டைச் சராசரி 10 வோல்ட்டாக்கி இரண்டு மீட்டருக்கும் கொடுப்பது அதுதான். அதன் எர்த் விட்டுப்போனால் பேட்டரி வோல்ட்டேஜ் முழுதாக உள்ளே போய்விடும். உங்கள் காரில் அது இருந்தால், அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றி, அடியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி முறுக்கிப் பாருங்கள்.